பெயின்ட் அடிச்ச நாள்லேருந்து

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, டிஸ்க்குன்னா என்ன, மனுஷனா? தலைவலிக்குது, காய்ச்சலடிக்குதுன்னு முன்கூட்டியே சொல்லிட்டா சாகும்? நல்லா ஓடிக்கிட்டிருந்துது, செத்துப்போச்சு. அதுக்காக என்னை எதுக்கு சார் மூணு வாரமா எல்லாரும் ஒரு மாதிரி பாக்கணும்? இந்த ஆபீஸ்ல டிஸ்க்கைத் தவிர எல்லாரும் உயிரோட இருக்காங்க, அதைப் பத்தி யாராவது என்னைப் பாராட்டறாங்களா? ...உக்காருங்க உக்காருங்க, பயப்படாதீங்க. இந்த பெஞ்சு அப்படித்தான், ஒரு கால் குட்டை. நான் சாஞ்சா நீங்க ஏறுவீங்க. நாலு வருஷமா கார்பென்டரைக் கூப்பிடப் போறாங்க. கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்க.

அம்மா மூணாம் நம்பர் ரூமுக்குப் போயிருக்காங்களா? பாத்தேன், பாத்தேன். பையை உங்க மடியில வெச்சிட்டு சீட்டை மட்டும் எடுத்துக்கிட்டு போனாங்க. நமக்கு அதான சார் உத்தியோகம், பையைப் புடிச்சிக்கிட்டு வெளிய உக்கார்றது. என் வீட்டுக்காரி துணிக்கடைக்குப் போனா நானும் இதே மாதிரிதான், இதே மாதிரி சிரிச்சிக்கிட்டு. நேரமாகும் சார். மொதல்ல கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னு சொல்வாங்க. அப்புறம் காதுக்குள்ள பசை மாதிரி ஒண்ணை விட்டு அச்சு எடுப்பாங்க. அந்த அச்சை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. அதோ ரோட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சக் கட்டடம் தெரியுது பாருங்க, அது எங்க பட்டறை. அங்க அந்த அளவைப் பாத்து, காதுக்குள்ள வெக்கற மெஷினுக்குக் கூடு செய்வாங்க. ஒருத்தர் காது மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது சார். ஏன், ஒருத்தருக்கே வலது காது மாதிரி இடது காது இருக்காது. அதனால அந்த அளவு போச்சுன்னா போச்சு. மறுபடி ஆளை வரவழைச்சு, உக்கார வெச்சு, பசை விட்டு... அவ்ளோதான்.

நான் காது பாக்கறவன் இல்ல. நான் சர்வர் பாக்கறவன். அந்த அளவெல்லாம் போய் உக்காருதே ஒரு பெட்டி, அதுக்கு நான்தான் காவல்காரன். ரெண்டு பெட்டி சார். இந்தக் கட்டடத்துல ஒண்ணு, அவன் பேரு பெரியவன். பட்டறையில ஒண்ணு, அவன் பேரு சின்னவன். பேரு நான் வெச்சதுதான். பெரியவன்கிட்ட ஒரு காது வந்தா அடுத்த நிமிஷம் அதே காது சின்னவன்கிட்டயும் ஒரு காப்பி இருக்கணும். ஒருத்தன் செத்தாலும் இன்னொருத்தன்கிட்ட எல்லாம் இருக்கும். ரெப்ளிகேஷன்னு அதுக்குப் பேரு. அண்ணன் தம்பின்னா அப்படி இருக்கணும். எங்க அண்ணனும் நானும் பேசி ஆறு வருஷமாச்சு, அது வேற விஷயம். அவன் மேலயும் தப்பு இருக்கு.

அப்ப என்னாச்சு? மூணு வாரம் முன்னாடி பெரியவனுக்குள்ள இருக்கற ஆறு டிஸ்க்குல ஒண்ணு போச்சு. ஒண்ணு போனா ஒண்ணும் ஆகாது சார், மீதி அஞ்சும் சமாளிச்சுக்கும். புதுசு ஒண்ணைச் சொருகினா, செத்தவன்கிட்ட இருந்ததெல்லாம் கணக்குப் போட்டு புதுசுல எழுதிடும். எழுத ஆரம்பிச்சுது. எழுதிக்கிட்டிருக்கும்போதே அந்தக் களைப்புல ரெண்டாவது டிஸ்க்கும் போச்சு. அவ்ளோதான், பெரியவன் மொத்தமா படுத்துட்டான். வித்தவனுக்கு போன் போட்டா, அவன் ரூம் சூடு சரியில்லன்னு எனக்கே காதுல பூ சுத்தறான். ஏங்க, சர்வர் ரூம் ஏசியை மேனேஜர் ரூமுக்கு மாத்தினது யாருங்க, நானா? ...சரி, அதை விடுங்க.

நான் அசரவே இல்ல சார். எல்லாரும் தலைமேல கைய வெச்சிக்கிட்டு நிக்கறாங்க, நான் டீ குடிச்சிட்டு போறேன். மேனேஜர் ஓடி வர்றாரு. கவலையே படாதீங்க, சின்னவன் எதுக்கு இருக்கான்னேன். அந்த வார்த்தையை இப்ப நெனச்சா... ரோட்டைத் தாண்டிப் போனேன். பட்டறைக் கதவைத் திறந்தேன். சின்னவன் பச்சை விளக்கைப் போட்டுக்கிட்டு ஜம்முனு உக்காந்திருக்கான். உள்ள போய்ப் பாத்தா, கடைசியா வந்த காது ரெண்டு வருஷத்துக்கு முந்தினது.

ரெண்டு வருஷம் சார். ரெண்டு மணி நேரம் இல்ல. ஆயிரத்து நூறு பேரோட காது.

மேனேஜர் போன்ல என்னாச்சு என்னாச்சுங்கறாரு. அப்பதான் சின்னவனுக்குப் பக்கத்துல பாத்தேன். சுவத்துல ப்ளக் போர்டு. அதுக்கு நேர் கீழ மெதுவக்காவோட மேஜை.

மெதுவக்கான்னா யாருன்னு உங்களுக்குத் தெரியாதில்ல? பட்டறையில காதுக் கூடு செதுக்கறவங்க. பதினாறு வருஷ அனுபவம். நான் வெச்ச பேருதான் இதுவும். ஏன் வெச்சேன்னா, எப்பப் பாத்தாலும் ஒரே பாட்டு. "சார், ஃபைல் மெதுவா வருது சார். சார், மெதுவா வருது." ரெண்டு வருஷமா சார்! முன்னாடி நாலு செகண்டுல திறந்துது, இப்ப நாப்பது செகண்டு ஆகுதாம். கடிகாரத்தை வெச்சு நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க! புகார் நோட்டுல ஏழு தடவை எழுதினாங்க. ஏழு தடவையும் நான் அதுக்குக் கீழ "கவனிக்கப்பட்டது"ன்னு எழுதி கையெழுத்துப் போட்டேன். ஒரு தடவை நேர்லயே வந்து, "சார், பட்டறைக்கு பெயின்ட் அடிச்ச நாள்லேருந்துதான் சார் இப்படி"ன்னாங்க. பெயின்ட் வாசனைக்கு மெஷின் மயங்கிடுச்சாம்மான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களும்தான் சிரிச்சாங்க. நல்ல மாதிரி சார் அவங்க, அதான் தொந்தரவே.

அந்தம்மா முன்னாடி ஒரு நாள் சின்னவனோட ப்ளக்கைப் புடுங்கினாங்க. நான் இட்டுக்கட்டல, அவங்களே வந்து சொன்னது. பசை காய வெக்கற விளக்குக்கு வேற இடமில்ல, தெரியாம இதைப் புடுங்கிட்டேன் சார், பத்து நிமிஷத்துல திரும்ப மாட்டிட்டேன், ஒண்ணும் ஆகாதில்லன்னு. ஒண்ணும் ஆகாதுன்னுதான் அப்ப நான் சொன்னேன். ஆனா பெரியவன் படுத்த அன்னிக்கு மேனேஜர் போன்ல கத்தறாரு, நான் ப்ளக் போர்டைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்... வாயிலேருந்து வந்துடுச்சு சார். "யாரோ ப்ளக்கைப் புடுங்கியிருக்காங்க சார், பட்டறை ஆளு." வந்த வார்த்தையைத் திரும்ப முழுங்க முடியுமா?

இப்ப மேனேஜர் ரூம்குள்ள இருக்கறது அவங்கதான். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். நான் அடுத்த ஆளு. இந்தக் கவர்ல என்னோட ரிப்போர்ட் இருக்கு. ஒரே ஒரு பக்கம். கையெழுத்து மட்டும் பாக்கி. நான் உள்ள போய்க் கையெழுத்துப் போட்டுட்டா அந்தம்மா நாளைக்கு வர வேண்டியதில்ல. அவங்க வீட்ல வேலைக்குப் போறது அவங்க ஒருத்தர்தான்.

படிக்கட்டுமா? நல்லா எழுதியிருக்கேன் சார். "பட்டறை ஊழியர் ஒருவரால் சர்வரின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. நகலெடுப்பு தடைபட்டிருந்தது. மேலும் அவ்வூழியர் விதிகளுக்கு மாறாக அளவுகளைத் தனது சொந்தக் கணினியில் சேமித்து வந்துள்ளார்." பாருங்க, இதுல ஒரு வரி கூட பொய் இல்ல. இணைப்பு துண்டிக்கப்பட்டது, வாஸ்தவம். நகலெடுப்பு தடைபட்டிருந்தது, அதுவும் வாஸ்தவம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன், அவ்ளோதான் நான் பண்ணது.

சொந்தக் கணினியில சேமிச்சாங்கன்னு சொன்னேன் பாருங்க, அது ஒரு கதை. ஒவ்வொரு தடவையும் நாப்பது செகண்டு உக்காந்திருக்க முடியாம, காலையில வந்ததும் அன்னிக்குச் செய்ய வேண்டிய காதையெல்லாம் தன் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எடுத்து வெச்சிக்குவாங்களாம். கூடு முடிஞ்சு வாங்கிட்டுப் போன உடனே அழிச்சிடுவாங்களாம். அழிக்க மறந்தது ஒரு முந்நூறு காது அங்க கிடந்துது. விதிப்படி தப்பு. நான்தான் அந்த விதியை எழுதினேன். அந்த முந்நூறும்தான் சார் மிச்சம். பெரியவன்கிட்டயும் இல்ல, சின்னவன்கிட்டயும் இல்ல, விதியை மீறினவங்ககிட்ட இருந்துது.

நீங்க நல்லா கேக்கறீங்க சார். குறுக்க ஒரு வார்த்தை இல்ல. என் வீட்டுக்காரிகிட்ட இதுல பாதி சொல்றதுக்குள்ள பதினாலு கேள்வி வந்திருக்கும். காது பாக்கற இடத்துல வேலை செய்யறேன்னுதான் பேரு, இங்க ஒருத்தரும் காது குடுத்துக் கேக்கறதில்ல.

தண்ணி வேணுமா? வேண்டாமா... சரி. இருக்கட்டும், அந்தக் குழாய் ரெண்டு தடவை தட்டினாத்தான் வரும்.

அப்புறம் மறுபடியும் எழுப்பற வேலை சார். அதை யாரு பேசறா? ஆறு டிஸ்க்கும் புதுசு போட்டு, பெரியவனை முதல்லேருந்து நிக்க வெச்சு, சின்னவன்கிட்ட இருக்கற பழசையெல்லாம் இவனுக்கு ஊட்டி, ரெண்டு பேருக்கும் மறுபடி பேச்சுவார்த்தை ஏற்படுத்தி வெக்கணும். கேக்க சுலபமா இருக்கும். அதுல ஒரு ஆபத்தான இடம் இருக்கு சார். ரெண்டு பேர்ல யார் சொல்றதை யார் கேக்கணும்னு மெஷினுக்கு நாம சொல்லணும். தப்பித் தவறி காலியா இருக்கறவன் பேரைச் சொல்லிட்டோம்னு வைங்க, "என்கிட்ட ஒண்ணும் இல்ல, அதனால உன்கிட்டயும் ஒண்ணும் இருக்கக் கூடாது"ன்னு நிறைஞ்சவனையும் துடைச்சு வெச்சிடும். மிச்சம் இருக்கற பழசும் போயிடும். நான் என்ன பண்ணேன், சின்னவன் நெத்தியில ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினேன், இவன்தான் நிறைஞ்சவன்னு. மூணு தடவை சரிபாத்தேன். எழுந்து போய்த் தண்ணி குடிச்சேன். வந்து நாலாவது தடவை பாத்தேன். அவ்ளோ ஜாக்கிரதை சார் நான். யார் வேணா கேட்டுப் பாருங்க, ஒரு நாள் காலையில கூட சோதனை பண்ணாம இருந்ததில்ல.

என்ன சோதனையா? தினம் ஆபீஸ் வந்ததும் மொத வேலை அதான். பெரியவன்கிட்ட ஒரு சின்ன ஃபைல் போடுவேன். உள்ள "காலை வணக்கம்"னு எழுதியிருக்கும். அப்புறம் சின்னவனைத் திறந்து பாப்பேன். அங்கயும் "காலை வணக்கம்" இருக்கும். வந்துடுச்சு, நல்லா ஓடுதுன்னு அழிச்சிட்டு நோட்டுல டிக் போடுவேன். ரெண்டு வருஷமா ஒரு டிக் கூட விடல. மேனேஜர் கேட்டாரு, தினம் பாத்தியாய்யான்னு. நோட்டை நீட்டினேன். அசந்துட்டாரு.

...ம். நீங்க இப்ப யோசிக்கறீங்க. சின்னவன்கிட்ட ரெண்டு வருஷமா ஒண்ணுமே போகல, அப்புறம் எப்படி காலை வணக்கம் மட்டும் போச்சுன்னுதான? அந்தம்மாவும் இதையேதான் சார் கேட்டாங்க. "அப்ப ரெண்டு வருஷமா நான் எங்கேருந்து சார் ஃபைல் திறந்தேன்?" அவங்க கேட்டது மொத நாளே. அதெல்லாம் டெக்னிக்கல்மா, உங்களுக்குப் புரியாதுன்னேன். எனக்கும் அப்பப் புரியல. புரியக் கூடாதுன்னு இருந்தேனோ என்னவோ.

செவ்வாக்கிழமை புரிஞ்சுது. நாலாவது தடவை சரிபாத்துட்டு, பெரியவன் பேரை ஒரு கட்டத்துல அடிச்சேன், சின்னவன் பேரை இன்னொரு கட்டத்துல அடிச்சேன், பட்டனை அமுக்கினேன். மெஷின் சொல்லுது, இந்த ரெண்டும் ஒரே ஆளுன்னு. லூசாப் போச்சான்னு மெஷினைத் திட்டினேன். மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதையே சொல்லுது. அப்பதான் விலாசப் பட்டியலைத் திறந்தேன். எந்தப் பேருக்கு எந்தப் பெட்டின்னு ஒரு பட்டியல் இருக்கும் சார். சின்னவன்ங்கற பேருக்கு எதிர்ல பெரியவனோட விலாசம் இருக்கு. பக்கத்துல ஒரு குறிப்பு. "தற்காலிகம். சாயந்திரம் எடுத்துவிடவும்." நான் எழுதினது. தேதி, பட்டறைக்கு பெயின்ட் அடிச்ச தேதி.

பெயின்ட்காரங்க சின்னவனை நகர்த்தணும்னாங்க சார். ஒரு மத்தியானம்தான். அதுவரைக்கும் பட்டறையில வேலை நிக்கக் கூடாதேன்னு நல்ல எண்ணத்துல, ரெப்ளிகேஷனை நிறுத்திட்டு, சின்னவனைக் கூப்பிட்டா பெரியவன் போய் நிக்கற மாதிரி மாத்தி வெச்சேன். வீடு மாத்தும்போது நம்ம தபாலை அண்ணன் வீட்டுக்குத் திருப்பி விடறதில்ல, அது மாதிரி. சாயந்திரம் சின்னவனைத் தூக்கி எடத்துல வெச்சேன், பச்சை விளக்கு எரிஞ்சுது. காலை வணக்கம் போட்டுப் பாத்தேன், வந்துது. வராம எங்க போகும்? அங்க போய் நின்னதும் பெரியவன்தானே. ரெண்டு வருஷமா பெரியவன் தனக்குத்தானே காலை வணக்கம் சொல்லிக்கிட்டிருந்திருக்கான், நான் டிக் போட்டிருக்கேன். பட்டறை மொத்தமும் ரோட்டைத் தாண்டி வந்து பெரியவன்கிட்டயே ஃபைல் எடுத்திருக்கு. நாப்பது செகண்டு ஆகாம என்ன ஆகும்? கடிகாரம் வெச்சுப் பாத்தாங்க சார் அந்தம்மா. தேதியோட வந்து சொன்னாங்க. நான் பெயின்ட் வாசனைன்னேன்.

பட்டியல்ல இருந்த அந்த வரியை அழிச்சேன். ரெண்டு பேரையும் சரியா சேத்து வெச்சேன். புதன்கிழமை காலையில மெதுவக்கா ரோட்டைத் தாண்டி என் ரூமுக்கே வந்தாங்க. "சார், இப்ப வேகமா வருது சார், நாலு செகண்டு. ரொம்ப நன்றி சார்." என் மேல புகார் சொல்லல, சண்டை போடல, நன்றி சொல்றாங்க. இந்தக் கவர் அப்ப என் மேஜை மேல இருக்கு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பரவால்லம்மான்னேன்.

இன்னிக்கு வெள்ளி. மூணு நாளா சோறு இறங்கல. வீட்டுக்காரி என்னன்னு கேக்கறா, டிஸ்க்குன்னேன். யார்கிட்டயும் சொல்லல சார். உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். முன்ன பின்ன தெரியாத ஆளுங்கறதால சொல்ல முடிஞ்சுது. நெஞ்சுல இருந்த கல்லை எறக்கி வெச்ச மாதிரி இருக்கு. இதுக்கு மேல மேனேஜர்கிட்ட வேற சொல்லணுமா என்ன? ஒருத்தர்கிட்ட சொல்லியாச்சில்ல. ...நீங்க தலையாட்டறீங்க. சொல்ல வேண்டாங்கறீங்களா, சொல்லணுங்கறீங்களா? எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஆட்டறீங்களே சார்.

ஆ, வாங்கம்மா. அதுக்குள்ள முடிஞ்சுதா? பை பத்திரமா இருக்கு. உங்க வீட்டுக்காரரோடதான் பேசிக்கிட்டிருந்தேன், தங்கமான மனுஷன்... என்னம்மா? ...அவருக்கா? நீங்கதானே உள்ள போனீங்க... ஓ. சீட்டைக் காட்டி விசாரிக்கப் போனீங்களா. ...ரெண்டு காதுமா? ...ஒண்ணும் கேக்காதா, மெஷின் இல்லாம?

பழைய கூடு உடைஞ்சுபோச்சு. ம். புதுசுக்கு அளவு குடுத்தீங்க. ம். அந்த அளவு... ஆமாம்மா. தொலைஞ்சுதான் போச்சு. ...மூணாவது தடவை வர்றீங்களா. ...ஒரு மாசமா வீட்ல யாரோடயும் பேச்சில்லையா. ...பேரப் பிள்ளை போன் பண்ணா போனைக் கையில வெச்சிக்கிட்டு சும்மா சிரிப்பாரா. ...இல்லம்மா, சொல்லுங்க. கேக்கறேன்.

அப்ப சார் இவ்ளோ நேரம்... தலையாட்டினாரேம்மா! ...யாரு பேசினாலும் அப்படித்தானா.

என்ன கேக்கறாரு? ...நான் என்ன சொன்னேன்னா? ஒண்ணுமில்லம்மா, சும்மா, பொதுவா, டிஸ்க்கு... இல்ல. ஒண்ணுமில்லாம இல்ல. அவரு தெரிஞ்சிக்க வேண்டியதுதான். எழுதிக் காட்டட்டுமா? ...கண்ணாடி எடுத்துட்டு வரலையா. அதானே. ...பேப்பரைச் சுருட்டி காதுல வெச்சு சத்தமா சொல்லணுமா? வீட்ல அப்படித்தான் பண்றீங்களா? என்கிட்ட பேப்பர் ஏதும்... கையில இருக்கறதா? இது ரிப்போர்ட்டும்மா, இன்னும் கையெழுத்து... இதுவா...

சரி. சுருட்டியாச்சு. எந்தக் காது? ...இடது காதா? நான் இவ்ளோ நேரம் வலது பக்கம் உக்காந்திருந்தேன். எவ்ளோ சத்தமா? ...அவ்ளோவா? மேனேஜர் ரூம் கதவு நேரா இருக்கேம்மா...

சார்! ...சார்! உங்க காது அளவு தொலைஞ்சதுக்கு நான்தான் காரணம்! ...நான்! சர்வர் பாக்கறவன்! ...இல்ல சார், டிஸ்க்கு இல்ல! நான்! ப்ளக்கைப் புடுங்கினதால இல்ல! அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல! மெதுவா வருதுன்னு அவங்க சொன்னது உண்மை! பெயின்ட் அடிச்ச நாள்லேருந்து! நான் மாத்தி வெச்சேன்! நான் மறந்துட்டேன்!

...வணக்கம் சார். ஆமா சார், நான்தான் கத்தினேன். ...அக்கா, நீங்களும் கேட்டீங்களா. ...ஆமாக்கா. ரெண்டு வருஷமும்.

வர்றேன் சார், உள்ள வர்றேன். ஒரு நிமிஷம் குடுங்க. இவருக்கு இன்னும் பாதிதான் கேட்டிருக்கு.